அறுபத்திரண்டு சரி

சைரன் அடிக்கும்போது அவள் எப்போதும் கீழேதான் இருப்பாள். ஆறு வருடமாக அதுதான் வழக்கம்.

மாதத்தின் முதல் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தப் பை கம்பெனியில் தீ ஒத்திகை நடக்கும். பத்தரைக்கே நாலாம் மாடி சூப்பர்வைசர் அவள் மேசைக்கு வந்து விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். "கெளம்புங்க, லிப்ட் நிக்குது." அவள் கையிலிருக்கும் ஜிப்பை அப்படியே போட்டுவிட்டு, கால்களில் பூட்டியிருக்கும் இரும்புச் சட்டத்தை நிமிர்த்தி முட்டியில் கொக்கியை மாட்டுவாள். இரண்டு கட்டைகளையும் அக்குளில் கொடுத்து எழுந்திருப்பாள். ஏறினால் நடுங்கும் சரக்கு லிப்ட். அதில் நுரைரப்பர் மூட்டைகளுக்கு நடுவே அவள் நின்றதும், லிப்ட்காரர் கதவை இழுத்துச் சாத்தி, "மகாராணி எறங்குறாங்க, எல்லாரும் ஓரமா நில்லுங்க" என்று மூட்டைகளைப் பார்த்து அதட்டுவார்.

டைம் ஆபீஸ் வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. மாசமாக இருப்பவர்கள், இளைப்பு நோய்க்காரர் ஒருவர், அவள். எல்லாரும் உட்கார்ந்து டீ குடித்து முடிக்கும் நேரத்தில் சைரன் அடிக்கும். மாடிப்படியில் கால்கள் தடதடக்கும். முற்றத்தில் மாடிவாரியாக வரிசை நிற்கும். கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கவிட்ட சேஃப்டி சார், "மூணு நிமிஷம் நாப்பது செகண்டு" என்பார், தானே பெற்றெடுத்த பிள்ளையைச் சொல்வதுபோல. சூப்பர்வைசர் அட்டையில் செருகிய தாளில் எழுதுவார்: நாலாம் மாடி, அறுபத்திரண்டு, சரி.

அந்த அறுபத்திரண்டில் அவளும் ஒன்று. படியில் ஒரு நாளும் கால் வைக்காமலே அவள் மூன்று நிமிடம் நாற்பது செகண்டில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஜிப்பில் ரன்னர் ஏற்றுவது அவள் வேலை. பல் வரிசையின் இரண்டு முனைகளையும் ரன்னரின் இரண்டு துளைகளில் கொடுத்து, ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். ஒரு முனை அரை நூல் முந்தினாலும் ஜிப் வாயைப் பிளந்துவிடும். நாளொன்றுக்கு இரண்டாயிரம் ஏற்றுவாள். அதனால் கம்பெனியில் அவளுக்கு ரன்னர் என்றே பெயர் ஆகிவிட்டது. "நடக்கவே வக்கில்லாதவளுக்கு வச்சிருக்கிற பேரப் பாரு" என்று முதலில் சிரித்தவள் அவள்தான். மற்றவர்கள் சிரிப்பதற்குள் தான் சிரித்துவிட வேண்டும் என்பது சின்ன வயதிலேயே பழகியது.

மஞ்சள் சேர் என்று ஒன்றும் அங்கே உண்டு. ஆளை உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டால், அடியிலிருக்கும் ரப்பர் பட்டை படிப்படியாக வழுக்கிக் கீழே இறக்கிவிடுமாம். பை வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்த வருடம் வாங்கினார்கள். அவளைக் கூப்பிட்டு அதில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். தரைத் தளத்தில், ஒரு படிகூட இல்லாத இடத்தில். "சிரிங்க" என்றார்கள், சிரித்தாள். படம் நோட்டீஸ் போர்டுக்குப் போனது. சேர் நாலாம் மாடிப் படிக்கட்டின் தலைப்பில், பெரிய ஆணியில், பிளாஸ்டிக் உறையோடு ஏறியது. யாரும் கழற்றிக்கொண்டு போய்விடக் கூடாதென்று இரண்டு இடத்தில் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். அதைப் பிரித்து எப்படி விரிப்பது என்று யாருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. மழை வருவதுபோல இருந்து வராமல் போன நாள். தகரக் கூரையின் சூடு தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லார் முதுகும் நனைந்திருந்தது. மணி மூன்று இருக்கும்போது சைரன் அடித்தது.

"இன்னிக்கு ஏது ஒத்திகை? செவ்வாக்கெழமதானே?" என்றாள் பக்கத்து மேசைக்காரி. பையில் பக்கிள் மாட்டுகிறவள், அதனால் அவளும் பக்கிள்.

"சும்மா டெஸ்ட் பண்ணுவானுங்க" என்றது ஒரு குரல். அதற்குள் நாற்றம் வந்துவிட்டது. நுரைரப்பர் எரிந்தால் வரும் இனிப்பான, தொண்டையைப் பிடிக்கும் நாற்றம். இரண்டாம் மாடியில் சூடான கம்பியால் நுரைரப்பர் வெட்டும் அறை இருந்தது.

"ஓடாதீங்க. வரிசையா. ஒத்திகைல போற மாதிரியே" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

ஒத்திகையில் போகிற மாதிரியேதான் போனார்கள். மெஷினை விட்டு எழுந்தார்கள், வலது பக்கம் திரும்பினார்கள், முன்னால் போகிறவளின் முதுகைப் பார்த்து நடந்தார்கள். பக்கிள் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கை நீட்டினால் தொடும் தூரம். "ஏய்!" என்றாள் இவள். சைரன் அதை விழுங்கிவிட்டது. பக்கிள் திரும்பவில்லை. சைரன் அடிக்கும்போது அந்த மேசையில் ஆள் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

யாராவது வருவார்கள் என்று இவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், விருந்துக்குப் போன வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பதுபோல. இரண்டு நிமிடம் இருக்கும். பிற்பாடு நினைத்து நினைத்து அவளுக்கு மானம் போனது அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான்.

அணைக்காமல் விட்ட மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. யாரோ தட்டிவிட்ட டீ மேசை விளிம்பில் சொட்டியது. லிப்ட் பட்டனை அழுத்தினாள், விளக்கு எரியவில்லை. படிக்கட்டுக்கு வந்தாள். தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் மஞ்சள் சேர் தொங்கியது. ஒரு கட்டையைத் தூக்கி அதை இடித்தாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு வருடத் தூசி அவள் முகத்தில் கொட்டியதுதான் மிச்சம்.

பாட்டில் தண்ணீரில் துப்பட்டாவை நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டினாள். கட்டைகளைப் படியில் உருட்டிவிட்டாள். முட்டிக் கொக்கிகளைக் கழற்றி முதல் படியில் உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கையும் ஊன்றி, இடுப்பை நகர்த்தி, ஒரு படி. இரும்புக் கால்கள் பின்னாலேயே 'டங்' என்று விழுந்தன. மறுபடி. ஒரு மாடிக்கு இருபத்திரண்டு படி என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாம் மாடி தாண்டியதும் புகை கீழேயிருந்து ஏறி வந்தது. இரண்டாம் மாடிக் கதவின் அடியில் அது கறுப்பு நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. அங்கே படியின் சிமெண்டு சுட்டது. கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியின் அடிக்கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பிடித்து இறங்கினாள். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. இடையில் எண்ணிக்கை தவறியது. பயம் எப்போது போனதென்று தெரியவில்லை. உடம்பு முழுக்கக் கோபம் மட்டும் இருந்தது. அந்தக் கோபம்தான் அவளை மீதிப் படிகளில் தள்ளிக்கொண்டு வந்தது.

கடைசித் திருப்பத்தில் வெளிச்சம் தெரிந்தது. கூடவே குரல்களும். தீயணைப்பு வண்டிக்காரர் ஒருவர் வாசலில் நின்று, "உள்ள யாராவது மாட்டியிருக்காங்களா? சட்டுனு சொல்லுங்க" என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார். இதோ, கணக்கு சரியா இருக்கு. நாலாம் மாடி அறுபத்திரண்டு, சரி."

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் தள்ளிவிட்டுக்கொண்டே வந்த கட்டைகளில் ஒன்றை எடுத்துப் படியில் ஓங்கி அடித்தாள். மூன்றாவது அடிக்குத்தான் லிப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். "ஐயையோ, மகாராணி!" என்று ஓடி வந்து அவளைத் தூக்கினார். சூப்பர்வைசர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். எதை நம்புவதென்று தெரியாத முகம்.

நுரைரப்பர் அறை மட்டும் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்று செய்தியில் சொன்னார்கள்.

அவளும் அக்காவும் மட்டும் இருக்கும் வீடு. ஒரே அறை, ஒரு ஜன்னல், ஆடுகிற மேசையில் அடுப்பு. அக்கா அதே கம்பெனியில், தரைத் தளத்தில், பேக்கிங்கில் இருந்தாள். நாலு நாள் இவள் குப்புறப் படுத்தே கிடந்தாள். உட்காரும் இடத்திலும் உள்ளங்கையிலும் தோல் இல்லை.

"அசையாம இரு" என்றாள் அக்கா, மருந்தைத் தடவிக்கொண்டே.

"எரியுது."

"எரியத்தான் செய்யும். உயிரோட வந்தியே, அது போதும்."

"யார் புண்ணியத்துல வந்தேன்?"

அக்கா இன்னும் கொஞ்சம் மருந்தைப் பிதுக்கினாள்.

"அன்னிக்கு நீ எங்க நின்ன?"

"எங்க நிப்பேன்? பேக்கிங் வரிசைல."

"அங்கேருந்து பெஞ்சு தெரியுமில்ல?"

அக்கா மருந்து டியூபை மூடினாள். மறுபடி திறந்தாள். "தெரியும்."

"நான் உக்காந்திருந்தேனா?"

"இல்ல."

"அப்புறம்?"

"நீ பாத்ரூம் போயிருப்பன்னு நெனச்சேன்டி."

"பில்டிங் எரியுது. வாசல்ல தீ வண்டி நிக்குது. நான் மட்டும் நிம்மதியா பாத்ரூம்ல உக்காந்திருக்கேன். அப்படித்தானே?"

"சைரன் அடிச்சா நீ கீழ இருப்ப. ஆறு வருஷமா மனசுல அது அப்படியே பதிஞ்சு போச்சு. அவரு அறுபத்திரண்டுன்னதும் நானும் சரின்னு நின்னுட்டேன். சத்தியமா சொல்றேன், நீ மேல இருப்பேன்னு எனக்குத் தோணவே இல்ல."

அக்கா ஏதாவது பொய் சொல்வாள், அதை வைத்துக் கத்தித் தீர்த்துவிடலாம் என்று இவள் காத்திருந்தாள். அவள் உண்மையைச் சொன்னது கூடுதலாக எரிந்தது.

"ஒரு நாய்க்குட்டியக் காணோம்னாகூட நீ தேடியிருப்ப."

"திட்டு. என்ன வேணா திட்டு. ஆனா சாப்பிட்டுட்டுத் திட்டு, முட்டை ஆறிப்போவுது."

தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சாப்பிட முடியாது. அக்கா ஊட்டினாள். இவள் திட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

ஆறாம் நாள் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை ஆப்பிள், சட்டைப் பையில் மடித்த தாள்.

"உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"எனக்கு உக்கார முடியல. நீங்க உக்காருங்க."

அவர் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். வெயில் பற்றிப் பேசினார். புதிதாக அடித்த பெயிண்டைப் பற்றிப் பேசினார். பிறகு தாளை எடுத்து, அவளிடம் தராமல் அக்காவிடம் தந்தார். அக்கா வாசிக்க வாசிக்க அவள் குரல் கீழே இறங்கியது. தங்கையே எழுதியதுபோல இருந்தது: சைரனுக்கு முன்பே நான் டைம் ஆபீஸ் பெஞ்சில் பத்திரமாக இருந்தேன். தலை எண்ணி முடித்த பிறகு, என் கைப்பையை எடுப்பதற்காக யாரிடமும் சொல்லாமல் மேலே சென்றேன்.

"லிப்ட்தான் நின்னு போச்சே" என்றாள் இவள். "நாலு மாடி நான் எப்படி சார் ஏறினேன்? பறந்தா?"

"வார்த்தையப் புடிச்சுக்காதம்மா. தாளு அன்னிக்கே மேலிடத்துக்குப் போயிடுச்சு. அறுபத்திரண்டுன்னு எழுதியாச்சு. இப்ப மாத்தினா ஒத்திகை மொத்தமும் பொய்னு ஆயிடும்."

"பொய்தானே?"

"எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதும்மா."

"அதுங்க எத்தனாவது மாடில இருக்குதுங்க?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. ஜலதோஷம் என்றால் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறவர்தான். அதை நினைத்ததும் அவளுக்கு ஆத்திரம் அதிகமானது. கெட்டவராக இருந்தால் அன்றைக்கு ஒரு முறையாவது அவளைப் பற்றி நினைத்திருப்பார்.

"கையெழுத்துப் போடுங்க. அடுத்த வாரமே உங்கள பேக்கிங்ல போட்டுடறோம். கீழயே, அக்கா பக்கத்துலயே."

அக்காவின் கண் விரிந்ததை அவள் பார்த்தாள்.

"ஆறு வருஷத்துல நாலு தடவ எழுதிக் குடுத்தேன், கீழ ஒரு மேச போடுங்கன்னு. எடமில்லன்னீங்க."

"இப்ப ஏற்பாடு பண்ணலாம்."

"அப்ப எடம் இருந்திருக்கு."

அவர் எழுந்துகொண்டார். "யோசிங்க. ரெண்டு பேரும் ஒரே எடத்துல வேல பாக்குறீங்க" என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். யோசிக்க வேண்டியது எதைப் பற்றி என்று இருவருக்கும் புரிந்தது.

அவர் தெரு முனை திரும்பும்வரை அக்கா பொறுத்தாள். "போட்டுடேன்டி. உனக்கு என்ன நஷ்டம்? கீழ வந்துடுவ. இனிமே படி ஏது, புகை ஏது?"

"மேல மாசமா இருக்கிறவங்க ரெண்டு பேரு இருக்காங்க. நாளைக்கு ஒருத்தி கால் சுளுக்கிக் கெடப்பா."

"ஊருக்கெல்லாம் நீ எதுக்கு அழற? நம்ம ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டா? உன்ன வேற எவன் எடுப்பான்? எடுத்தாலும் அங்க லிப்ட் இருக்குமா?"

"இந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட்டா, அந்தப் படில நான் எறங்கவே இல்லன்னு ஆயிடும்கா. என் தோலு எங்க போச்சுன்னு கேட்டா என்ன சொல்றது? பூனை நக்கிடுச்சுன்னா?"

அக்கா வாயைத் திறந்தாள், சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. இவள் தாளை வாங்கி நாலாக மடித்து, எட்டாக மடித்து, தரையில் ஊர்ந்து போய் அடுப்பு மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். மேசை ஆட்டம் நின்றது.

பன்னிரண்டாம் நாள் வேலைக்குப் போனாள். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. பக்கிள் தன் நாற்காலியிலிருந்த பஞ்சு மெத்தையை எடுத்து இவள் நாற்காலியில் போட்டாள். "என்ன ரெண்டு அறை அறைஞ்சிடு. நான் கம்முனு வாங்கிக்கறேன்" என்றாள்.

"கை இன்னும் ஆறல. கடன் இருக்கட்டும்."

லிப்ட்காரர் மகாராணி என்று கூப்பிடுவதை விட்டிருந்தார். "லிப்டப் பூட்டணும்னு மட்டும்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்கம்மா. யாரையும் எண்ணச் சொல்லிக் குடுக்கல" என்றார், மாடிகளின் எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த ஒத்திகைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். தீ நடந்த இடம், எத்தனை நிமிடத்தில் காலியாகிறதென்று நேரில் பார்க்க வேண்டுமாம். அன்று காலை அக்கா கட்டைகளின் அடி ரப்பர் தேய்ந்திருந்ததைக் கழற்றிப் புதிதாக மாட்டிக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

பத்தரைக்கு மேசையில் இரண்டு தட்டு விழுந்தது. "கெளம்புங்க, லிப்ட் நிக்குது."

"நான் வரல சார்."

"அம்மா, பெரிய எடத்துலேருந்து வந்திருக்காங்க. இன்னிக்கு வம்பு வேணாம்."

"என்ன வம்பு? வேலதானே பாக்கறேன்." ஒரு ரன்னரை எடுத்து இழுத்தாள். ஜிப் கோணாமல் மூடியது.

அவர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு நீங்க கீழ இல்லன்னா, நாளைலேருந்து நீங்களும் இல்ல, உங்க அக்காவும் இல்ல. அப்புறம் என்னச் சொல்லாதீங்க."

அவள் ரன்னரைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள். அவர் போய்விட்டார்.

சைரன் அடித்தது. எழுந்தார்கள், வலது பக்கம் திரும்பினார்கள். பக்கிள் மட்டும் நின்றாள்.

"நான் போகல. உன்கூடவே இருக்கேன்."

"நீ வரிசைல போ. கீழ என்ன எண்ணுறாங்கன்னு கேளு. எனக்கு அது தெரியணும்."

கூடம் காலியானது. அதே உறுமல், அதே வெளிச்சம். கட்டைகளை ஊன்றி ஜன்னலுக்குப் போய் நின்றாள். முற்றத்தில் தலைகள் வரிசை பிடித்தன. சைரன் நின்றதும் எல்லாம் தெளிவாகக் கேட்டது. சேஃப்டி சார், "மூணு நிமிஷம் முப்பத்தெட்டு" என்றார். முன்னைவிட இரண்டு செகண்டு குறைவு. அதிகாரி தலையாட்டினார். சூப்பர்வைசர் தாளைப் பார்த்துப் படித்தார். எட்டிப் பார்த்தால் அவருடைய வழுக்கை தெரிந்தது.

"நாலாம் மாடி. அறுபத்திரண்டு." ஒரு நொடி நிறுத்தினார். சொல்ல மாட்டார் என்று அவள் நினைத்தாள். சொன்னார். "சரி."

அவள் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சை இழுத்துவிட்டு, இழுத்த மூச்சோடு நின்றாள். தான் கத்தினால் தன் குரல்தான் கேட்கும். அது கேட்டு ஆகப் போவது ஒன்றுமில்லை.

"அறுபத்தொன்னு!"

பேக்கிங் வரிசையிலிருந்து வந்தது. அக்காவின் குரல், மீன்காரியைப் போல உடைந்து.

"பேக்கிங் ஆளுங்க அமைதியா நில்லுங்க."

"அறுபத்தொன்னு சார்! பெஞ்சுல பாருங்க, ஆள் இல்ல. என் தங்கச்சி மேல இருக்கா. அன்னிக்கும் மேலதான் இருந்தா. நானும் பாத்துட்டு நின்னேன். நானும்தான் நின்னேன்!"

"அறுபத்தொன்னு" என்றாள் பக்கிள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் யார் யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதிகாரி சூப்பர்வைசரின் கையிலிருந்து அட்டையை வாங்கினார்.

படியில் காலடிகள் ஏறி வந்தன. இறங்கும் தடதடப்பை அவள் ஆறு வருடம் கேட்டிருக்கிறாள். ஏறி வரும் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

முதலில் அக்கா, நாக்கு வெளியே தள்ள. பின்னால் பக்கிள், லிப்ட்காரர், சூப்பர்வைசர், கடைசியில் வாட்சோடு சேஃப்டி சார். பக்கிள் நூல் வெட்டும் கத்தரியால் டேக்கை நறுக்கினாள். லிப்ட்காரர் சேரை ஆணியிலிருந்து இறக்கினார். விரிக்கத் தெரியவில்லை. சூப்பர்வைசர் ஒரு கம்பியை இழுக்க, அது மடங்கி அவர் விரலைக் கவ்வியது. "படத்துல அழகா விரிஞ்சு இருந்துச்சே" என்றாள் இவள். யாரும் சிரிக்கவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து சேரின் அடியில் ஒட்டியிருந்த படக் குறிப்பைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கொக்கியாகத் திருகினாள். அது விரிந்ததும், எல்லாரும் எதையோ உடைத்துவிட்டதுபோல ஓரடி பின்வாங்கினார்கள்.

அவளை உட்காரவைத்து வாரை மாட்டினார்கள். லிப்ட்காரர் பின்னால் பிடித்தார். முதல் படியில் சேர் எகிறியது. "மெதுவா, மெதுவா!" இரண்டாவது படியில் கோணிக்கொண்டு நின்றது. அக்கா முன்னால் நின்று, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டு, தங்கையின் இரும்புக் கால்கள் இரண்டையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் சேஃப்டி சார் வாட்சைத் தூக்கிப் பார்த்தார். "பத்தொம்பது நிமிஷம் ஆச்சு. இது ஒத்திகைக் கணக்குல வராது. வாட்ச நிறுத்திடறேன்."

"நிறுத்தாதீங்க" என்றாள் அவள்.

"அம்மா, இத எப்படி எழுதறது? மேலிடத்துல…"

"ஓடட்டும் சார். நான் இன்னும் கீழ வரல."

அக்கா கீழே பார்க்காமல், காலால் தடவி அடுத்த படியைத் தேடினாள். இன்னும் அறுபத்தாறு படி இருந்தது.